பட்டம் பெறாத பேராசிரியர்

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல் துறை

கணிப்பொறி அறிவியல் வகுப்பில் சேர்ந்த முதலாண்டிலேயே நமக்கு ஒரு பெயர் அறிமுகமாகி விடுகிறது. பூலியன் இயற்கணிதம் என்று வினாத்தாளில் வரும். ஐந்து மதிப்பெண் வினாவாகவும் வரும், பத்து மதிப்பெண் வினாவாகவும் வரும். உண்மை அட்டவணை எழுதுகிறோம், கார்னா வரைபடத்தில் கட்டங்களைச் சேர்த்து வளைக்கிறோம், ஆய்வகத்தில் ஐ.சி.யைப் பலகையில் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம். ஆனால் பூல் என்பவர் யார் என்று நான் கேட்டபோது, அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே நண்பர்கள் சிலர் அறிந்திருக்கவில்லை. நீச்சல் குளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு தொடர்புடையது என்று ஒருவர் உறுதியாகவே சொன்னார்!

அந்த மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஆவல் பிறந்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். என் தந்தை தையற்காரர். வகுப்பு முடிந்ததும் கடைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்கு ஓடும் நண்பர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். குடும்பச் சூழ்நிலையால் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்ட ஒருவரும் உண்டு. ஜார்ஜ் பூல் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். மாணவராக எந்தக் கல்லூரிக்குள்ளும் கால் வைக்காதவர். ஆயினும் ஓர் அரசுக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராக அமர்ந்தவர் என்று ஒரு நூலில் கண்டேன். அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

பூல் 1815 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். நான்கு குழந்தைகளில் இவரே மூத்தவர். தந்தை ஜான் பூலுக்குக் கை செருப்பில், மனம் தொலைநோக்கியில். தாமே ஒரு தொலைநோக்கியைச் செய்து வைத்துக்கொண்டு, இறைவனின் படைப்பைப் பணிவோடு காண விரும்புவோர் உள்ளே வரலாம் என்று கடைச் சன்னலில் அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார் என்பார்கள். அப்படிப்பட்டவரின் கடையில் வியாபாரம் எவ்வாறு நடந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மகனுக்குக் கணிதத்தின் முதற்பாடம் அந்தத் தந்தையிடந்தான் கிடைத்தது. இலத்தீன் மொழியை ஊரில் இருந்த புத்தக வியாபாரி ஒருவர் கற்றுக் கொடுத்தார். கிரேக்க மொழியைப் பூல் எவர் துணையுமின்றித் தாமே கற்றார்.

பதினான்கு வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மகனைப் பற்றிய பெருமையால் தந்தை அதனை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு அனுப்ப, 1830 இல் அது அச்சாயிற்று. உடனே ஒரு பள்ளி ஆசிரியர், இந்த வயதில் ஒரு பையனால் இப்படிப் பெயர்க்க முடியாது, இது எங்கிருந்தோ எடுத்தது என்று எதிர்ப்புக் கடிதம் எழுதினார். செருப்புக் கடைக்காரர் மகனுக்குக் கிரேக்கம் எதற்கு என்ற எண்ணம் அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

அடுத்த ஆண்டே தந்தையின் தொழில் நொடித்துப்போயிற்று. பெற்றோரையும் தம்பி தங்கையரையும் காப்பாற்றும் பொறுப்பு பதினாறு வயதுப் பையன் தலையில் விழுந்தது. டான்காஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளி சமயக் கட்டுப்பாடு மிகுந்தது. இந்த இளம் ஆசிரியரோ ஞாயிற்றுக்கிழமையிலும் கணக்குப் போட்டார். தேவாலயத்தில் அமர்ந்தபடியே போட்டார் என்றும் புகார் எழுந்தது. வேலை நெடுநாள் நிலைக்கவில்லை.

அவர் கணிதத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பியதற்குச் சொல்லப்படும் காரணம் சுவையானது. கையில் காசு குறைவு. ஒரு கதைப் புத்தகமோ கவிதை நூலோ வாங்கினால் சில நாள்களில் படித்து முடிந்துவிடும். கணித நூல் ஒன்றை வாங்கினால் மாதக்கணக்கில் வரும். ஆகவே கணித நூலே சிக்கனம் என்று கண்டாராம்! பிரெஞ்சு நாட்டு லக்ருவா எழுதிய நுண்கணித நூலை அவ்வாறு வாங்கித் தனியே உட்கார்ந்து படித்தார். பிறகு லக்ராஞ்சு, லாப்லாசு ஆகியோரின் பெருநூல்களுக்குள் நுழைந்தார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று ஒன்று சொல்ல விரும்புகிறேன். பூலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், ஆசிரியர் இல்லாமலே கற்ற மேதை என்று இந்தப் பகுதியைக் கொண்டாடி எழுதுகிறார்கள். கல்லூரி இல்லாவிட்டால் என்ன, திறமை இருந்தால் போதும் என்பதுபோல் அவர்கள் பேச்சு போகிறது. ஆனால் பூலின் எண்ணம் அதுவன்று. தகுந்த ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் விரைவில் கடந்திருக்கக்கூடிய பாதையில், தனியாகத் தடுமாறிச் சில ஆண்டுகளை வீணாக்கிவிட்டோம் என்பதைப் பின்னாளில் அவரே உணர்ந்தார். அவர் கையில் கிடைத்த லக்ருவாவின் நூலும் அப்போதே பழமையானது. எது பழையது, எது புதியது, எதை விட்டுவிட்டு எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஓர் ஆள் அவருக்கு இல்லை. வகுப்பறையில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் வயதில், 1834 இல், லிங்கன் நகருக்குத் திரும்பிப் பூல் சொந்தமாகவே ஒரு பள்ளி தொடங்கினார். குடும்பம் முழுவதும் அந்தப் பள்ளியை நம்பி வாழ்ந்தது. பகல் முழுதும் பாடம், மாலையில் விடுதிப் பிள்ளைகளின் மேற்பார்வை, அதன் பின்னர் கிடைக்கும் இரவு நேரமே சொந்தப் படிப்புக்கு. அதே ஆண்டில் நகரத்தில் தொழிலாளர் கல்விக்கழகம் ஒன்று தோன்றியது. பூலின் தந்தை அதன் காப்பாளரானார். மகனுக்கு அங்கிருந்த நூல்கள் கைக்கெட்டின. அருகே வாழ்ந்த சர் எட்வர்ட் பிராம்ஹெட் என்ற செல்வர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். அவர் தம் சொந்த நூலகத்தின் கணித நூல்களைப் பூலுக்கு இரவல் கொடுத்து உதவினார். மறு ஆண்டு கழகத்தில் நியூட்டனைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய போது பூலுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தைக் குறைக்கக் கோரிய இயக்கத்துக்கும் அவர் துணை நின்றார். ஓய்வு கிடைத்தால்தானே ஒருவன் படிக்க முடியும்? கிடைத்த ஓய்வை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றி 1847 இல் அவர் ஆற்றிய உரை அச்சிலும் வந்தது.

கேம்பிரிட்ஜில் கணித இதழ் ஒன்றை நடத்தி வந்த டங்கன் கிரகரி என்ற இளைஞர் பூலின் கட்டுரைகளைக் கண்டு வியந்து, அவற்றின் நடையைச் செப்பனிட்டு வெளியிடத் தொடங்கினார். பள்ளி ஆசிரியரின் பெயர் கணித உலகில் பரவியது. கேம்பிரிட்ஜில் சேர்ந்து பட்டம் பெறலாமா என்ற எண்ணம் பூலுக்கு அப்போது எழுந்தது. செலவு எவ்வளவு ஆகும் என்பதைக் கிரகரி எடுத்துச் சொன்னார். அதைவிடப் பெரிய தடை வீட்டில் இருந்தது: பள்ளியை மூடினால் பெற்றோருக்குச் சோறு யார் போடுவது? பூல் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். இதனையும் சிலர் நல்லதாய்ப் போயிற்று என்கிறார்கள். கேம்பிரிட்ஜின் தேர்வு இயந்திரத்தில் சிக்கியிருந்தால் அவருடைய தனித்தன்மை அழிந்திருக்குமாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வறுமையால் படிப்பை இழந்தவனிடம் போய், உனக்கு அதுவே நன்மை என்று யாரும் சொல்லக் கூடாது. திருப்பூருக்குப் போன நண்பரிடம் சொல்ல என்னால் முடியாது.

1844 இல் பூல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரைக்கு இலண்டன் ராயல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. இருபத்தொன்பது வயதில், பட்டம் எதுவும் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியருக்கு!

இனி நம் பாடத்திட்டத்துக்கு வருவோம். 1847 வாக்கில் அளவையியலறிஞர் இருவரிடையே கடும் சண்டை மூண்டது. ஒருவர் எடின்பரோவின் சர் வில்லியம் ஹாமில்டன். மற்றவர் இலண்டன் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். தம் கருத்தை டி மார்கன் திருடிவிட்டார் என்பது ஹாமில்டனின் குற்றச்சாட்டு. டி மார்கன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு இரண்டு விதிகள் நினைவுக்கு வரும், அவரேதான் இவர். நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று: டி மார்கன் பிறந்த ஊர் மதுரை! கும்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவரின் மகனாக 1806 இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றார். பூலுக்கும் அவருக்கும் கடிதத் தொடர்பில் வளர்ந்த நட்பு பூலின் இறுதிவரை நீடித்தது.

நண்பர் சிக்கிய சண்டையைக் கண்ட பூலுக்குப் பழைய எண்ணம் ஒன்று உயிர் பெற்றது. டான்காஸ்டரில் வேலை பார்த்த நாளில், வயல்வெளியில் நடந்து செல்கையில், மனிதன் சிந்திக்கும் முறையையே இயற்கணிதக் குறியீடுகளால் எழுதிவிடலாம் என்று அவருக்கு மின்னல்போல் ஒரு கருத்துத் தோன்றியதாக அவர் மனைவி பின்னாளில் எழுதியிருக்கிறார். சில வாரங்களிலேயே பூல் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். எண்பது பக்கங்களைச் சற்றே தாண்டும் அந்நூல் 1847 இல் வெளிவந்தது. அதில் உள்ள அடிப்படை மிக எளிமையானது.

உலகில் உள்ள வெண்ணிறப் பொருள்கள் அனைத்தையும் 'வெ' என்று குறிப்போம். பசுக்கள் அனைத்தையும் 'ப' என்று குறிப்போம். வெ × ப என்றால் வெண்ணிறப் பசுக்கள். ப × வெ என்றாலும் அவையே. வரிசை மாறினாலும் விடை மாறாது. சாதாரணப் பெருக்கலும் இப்படித்தான். சரி, வெ × வெ என்றால் என்ன? வெண்ணிறமான வெண்ணிறப் பொருள்கள். அதாவது வெறும் வெண்ணிறப் பொருள்களே. ஆகவே வெ × வெ = வெ. இங்கேதான் சாதாரணக் கணிதத்திலிருந்து பூல் விலகுகிறார். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மீண்டும் அந்த எண்ணே வரவேண்டும் என்று நிபந்தனை விதித்தால் எத்தனை எண்கள் தேறும்? 0, 1 ஆகிய இரண்டே. ஒன்றுமில்லாததை 0 என்றும், பேசப்படும் பொருள்கள் எல்லாவற்றையும் 1 என்றும் பூல் கொண்டார். வெண்மையல்லாதவை 1 − வெ ஆகும். இனி வெ × வெ = வெ என்பதைச் சற்றே மாற்றி எழுதினால் வெ × (1 − வெ) = 0 என்று வருகிறது. வெண்மையாகவும் வெண்மையல்லாமலும் ஒரே நேரத்தில் இருக்கும் பொருள் எதுவும் இல்லை என்பது இதன் பொருள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நிரூபணம் கேட்கக் கூடாத அடிப்படை விதி என்று போற்றப்பட்டதைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு சமன்பாட்டிலிருந்து இரண்டே வரிகளில் வருவித்துக் காட்டினார்.

இது கேட்களோடு நின்றுவிடும் செய்தியன்று. நாம் எழுதும் ஒவ்வொரு புரோகிராமிலும் இருக்கிறது. தேர்வுக்கு ஹால் டிக்கெட் வழங்கும் புரோகிராம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வருகை 75 விழுக்காடு இருக்க வேண்டும், கட்டணமும் செலுத்தியிருக்க வேண்டும். யாருக்கு இல்லை என்று பட்டியல் எடுக்கச் சொன்னால், வருகை இல்லை, கட்டணமும் இல்லை என்று இரண்டையும் ஆண்ட் போட்டு இணைப்பது ஆய்வகத்தில் அடிக்கடி காணும் பிழை. மதுரையில் பிறந்தவரின் விதி, நிபந்தனையை மறுக்கும்போது ஆண்ட் என்பது ஆர் ஆக மாறவேண்டும் என்று சொல்கிறது. மாறாவிட்டால் கட்டணம் கட்டிவிட்டு வகுப்புக்கே வராதவர் பட்டியலில் இருந்து தப்பிவிடுவார். மென்பொருள் சோதனைப் பாடத்தில் நிபந்தனைகளைச் சோதிக்க உண்மை அட்டவணையைத்தான் மீண்டும் கையில் எடுக்கிறோம். நிபந்தனை இரண்டானால் வரிசைகள் 4, மூன்றானால் 8, பத்தானால் 1024. பெரிய மென்பொருளைச் சோதிப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். தரவுத்தளப் பாடத்தில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. கட்டண விவரமே பதியப்படாமல் நல் என்று கிடக்கும் மாணவர், கட்டணம் செலுத்தியவர் பட்டியலிலும் வரமாட்டார், செலுத்தாதவர் பட்டியலிலும் வரமாட்டார். ஒன்று உண்டு, அல்லது இல்லை என்ற பூலின் உலகத்தில் அங்கே மூன்றாவதாக ஒன்று நுழைந்துவிடுகிறது. பூலைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்கே இந்த மூன்றாவது எங்கே தொல்லை தரும் என்பதும் புரியும்.

அயர்லாந்தில் சமய வேறுபாடு பாராமல் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளை அமைக்க ஆங்கில அரசு 1845 இல் சட்டம் செய்தது. பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று ஊர்களில் அரசியார் கல்லூரிகள் அமைந்தன. சமயத் தலைவர்கள் அவற்றைக் கடவுளற்ற கல்லூரிகள் என்று ஏசினர். பூல் 1846 இல் விண்ணப்பித்தார். தாம் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவரல்லர், எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர் என்பதை விண்ணப்பத்தில் அவர் மறைக்கவில்லை. டி மார்கன் போன்ற பெரியோர் நற்சான்று தந்தனர். அரசாங்கக் காரியம் அன்றும் மெதுவாகத்தான் நடந்தது போலும். முடிவு தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் 1848 டிசம்பரில் தந்தை காலமானார். மகன் பேராசிரியரானதை அந்தத் தொலைநோக்கிக்காரர் பார்க்கவில்லை. 1849 இல் பூல் கார்க் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரானார்.

அவர் சென்றபோது அயர்லாந்து பெரும்பஞ்சத்தால் நலிந்து கிடந்தது. மாணவர் தொகை சிறியது. அவர்களுள் பலருக்குக் கணித அடிப்படையே கிடையாது. பதினெட்டு ஆண்டு பள்ளிக்கூட அனுபவம் உள்ளவருக்கு அது புதிதன்று; அடிப்படையிலிருந்து தொடங்கினார். வகுப்பறையில் அவருடைய மறதியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் மாணவர் வருமுன்னரே வந்துவிட்ட பேராசிரியர், ஏதோ சிந்தனையில் கரும்பலகைக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாராம். மாணவர்கள் வந்து அமர்ந்தனர், ஒரு மணி நேரம் காத்திருந்தனர், எழுந்து போய்விட்டனர். வீடு திரும்பிய பூல், இன்று ஏனோ ஒருவர்கூட வகுப்புக்கு வரவில்லை என்று மனைவியிடம் வருந்தினாராம். நம் பேராசிரியப் பெருமக்கள் இதனைப் படித்துச் சிரிப்பார்கள் என்று நம்புகிறேன். கல்லூரி முதல்வரோடு அவருக்கு நெடிய பூசலும் இருந்தது. முதல்வர் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பதில்லை என்ற மனக்குறை செய்தித்தாள் வரை போயிற்று. அதை விட்டுவிடுவோம்.

கார்க்கில்தான் அவருடைய பெருநூல் உருவாயிற்று. சிந்தனையின் விதிகளை ஆராய்வதாகத் தலைப்பிட்ட அந்நூல் 1854 இல் வெளிவந்தது. 1847 ஆம் ஆண்டு நூலின் கருத்துகளை விரிவாக்கியதோடு, அவற்றை நடைமுறையில் ஓட்டியும் பார்க்கிறார். யூதர் வேதத்தின்படி, பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் வழக்கமும் சேர்ந்திருக்கும் விலங்கே தூயது. இதனை ஒரே சமன்பாடாக எழுதிக்கொண்டு, தூய்மையற்றவை எவை, அசைபோடாதவற்றைப் பற்றி என்ன சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு விடை பெறுகிறார். இன்று தரவுத்தள ஆய்வகத்தில் நாம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இன்னோர் அதிகாரத்தில் தத்துவஞானி ஸ்பினோசாவின் வாதங்களையே சமன்பாடுகளாக்கி, முடிவு வருகிறதா என்று சோதிக்கிறார். சிலருக்கு இது துணிச்சல் என்று பட்டிருக்கும்.

நம் நாட்டோடு அவருக்குத் திருமணத்தாலும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. கார்க்கில் கிரேக்கப் பேராசிரியராயிருந்தவரின் உறவுப் பெண் மேரி எவரெஸ்ட். அவருடைய மற்றொரு மாமன்முறையினர் ஜார்ஜ் எவரெஸ்ட். இந்தியாவின் தலைமை நில அளவையாளர். 1802 இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியைப் பின்னாளில் தலைமையேற்று நடத்தியவர். அவர் பெயரைத்தான் இமயச் சிகரம் தாங்கியிருக்கிறது. மேரி முதலில் பூலிடம் கணிதம் பயின்றார். தந்தையை இழந்து அவர் ஆதரவற்று நின்றபோது, 1855 இல் இருவரும் மணந்துகொண்டனர். மணமகன் பதினேழு வயது மூத்தவர். ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தனர்.

இந்திய அளவை நூல்களின் கருத்து ஜார்ஜ் எவரெஸ்ட் வழியாகப் பூலையும் டி மார்கனையும் எட்டியது என்று மேரி முதுமையில் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போசுக்கு எழுதிய கடிதத்தில் கூறியிருக்கிறார். கேட்க நமக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பூல் தம் நூல்களில் அப்படி எதுவும் சொல்லவில்லை; அரிஸ்டாட்டில் மரபோடுதான் வாதிடுகிறார். இனிமையான செய்தி என்பதற்காக அதை உண்மை என்று மேடையில் முழங்குவது பூலின் முறைக்கே ஏற்றதன்று.

1864 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள். பூலின் வீட்டிலிருந்து கல்லூரி ஏறத்தாழ மூன்று மைல். அன்று கொட்டும் மழை. பேராசிரியர் வழக்கம்போல் நடந்தே சென்றார். முற்றிலும் நனைந்த உடையோடு வகுப்பில் நின்று பாடத்தை நடத்தி முடித்தார். காய்ச்சல் கண்டது, நுரையீரலைப் பிடித்தது. நோய்க்குக் காரணமானதே நோய்க்கு மருந்து என்ற கொள்கையில் நம்பிக்கை கொண்ட மனைவி, அவரை ஈரத் துணியில் கிடத்தினார் என்று ஒரு செய்தி உண்டு. இதை வைத்து அந்த அம்மையாரைப் பழிக்கிறவர்கள், நிமோனியாவுக்கு அந்தக் காலத்தில் எந்த மருத்துவரிடமும் மருந்தில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். டிசம்பர் 8 ஆம் நாள் பூல் உயிர் நீத்தார். வயது 49. கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதங்கூட நிறையவில்லை.

அவர் மறைந்ததும் அவருடைய இயற்கணிதம் உடனே உலகை ஆண்டுவிடவில்லை. முதலில் அது திருத்தப்பட்டது. நம் பாடநூலில் 1 + 1 = 1 என்று படிக்கிறோமே, அதைப் பூல் ஏற்கவே இல்லை! ஒன்றோடொன்று கலவாத தொகுதிகளைத்தான் கூட்டலாம் என்பது அவர் கொள்கை. ஜெவன்ஸ் என்ற இளம் அறிஞர் கடிதம் எழுதி வாதாடியும் பூல் இறுதிவரை இணங்கவில்லை. ஜெவன்சும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த திருத்தமே நம் ஆர் கேட்டில் இருக்கிறது. அதே சமயம், ஷானன் விரிவாக்கம் என்ற பெயரில் நாம் மனப்பாடம் செய்யும் தேற்றம் பூலின் நூலிலேயே இருக்கிறது. ஒருவர் ஏற்காதது அவர் பெயரிலும், அவர் கண்டது மற்றொருவர் பெயரிலும் வழங்குவதைப் பாடநூல் எழுதுவோர் ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லியிருக்கலாம்.

அந்த ஷானனின் கதை நமக்கு மிக நெருக்கமானது. கிளாடு ஷானன் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் பயின்று 1936 இல் பட்டம் பெற்றவர். அங்கே படிக்கும்போது தத்துவத் துறையின் அளவையியல் வகுப்பு ஒன்றிலும் உட்கார்ந்தார். பூலின் குறியீடுகளை அங்குதான் கண்டார். பிறகு எம்.ஐ.டி.யில் சேர்ந்து, வான்னவர் புஷ் அமைத்த பெரிய கணக்கிடும் எந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தார். அந்த எந்திரத்தை இயக்க ஏறத்தாழ நூறு ரிலேக்கள் கொண்ட சிக்கலான சுற்று இருந்தது. ரிலே ஒன்று மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். மூன்றாம் நிலை கிடையாது. இரண்டு சுவிட்சுகளைத் தொடராக வைத்தால் இரண்டும் மூடினால்தான் மின்சாரம் பாயும். பக்க இணைப்பாக வைத்தால் ஒன்று மூடினாலும் பாயும். தத்துவ வகுப்பில் படித்ததும் ரிலே பலகையில் கண்டதும் ஒன்றே என்பது அவருக்குப் புலப்பட்டது. 1937 இல் எழுதி மறு ஆண்டு வெளியிட்ட முதுகலை ஆய்வேட்டில், எந்தச் சுற்றையும் சமன்பாடாக எழுதலாம், சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும் என்று காட்டினார். இரண்டடிமான எண்களைக் கூட்டும் சுற்று ஒன்றையும் வரைந்து வைத்தார். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் கட்டும் கூட்டிக்கு முன்னோடி அது. சப்பானிலும் சோவியத் நாட்டிலும் வேறு சிலர் ஏறத்தாழ அதே காலத்தில் இதே கருத்தை எட்டினர். ஆயினும் உலகெங்கும் பரவியது ஷானனின் ஏடே.

மின்பொறியியல் மாணவர் ஒருவரைத் தத்துவ வகுப்பில் உட்கார விட்ட அந்தப் பாடத்திட்டத்தை எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாக இருக்கிறது. நம் பாடத்திட்டத்திலும் பிற துறையின் தாள் ஒன்றை எடுக்க இடமுண்டு. எது எளிதில் மதிப்பெண் தரும் என்று கேட்டுத்தான் பெரும்பாலும் நாம் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பூலின் குடும்பத்தைப் பற்றி இரண்டொரு செய்திகள். கணவரை இழந்த மேரி இலண்டன் சென்று ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்துக் குழந்தைகளை வளர்த்தார். மூன்றாம் மகள் அலிசியா, தந்தையைப் போலவே பல்கலைக்கழகம் செல்லாமல், அட்டையால் உருவங்கள் செய்து நாற்பரிமாண வடிவியலில் ஆராய்ச்சி நடத்தினார். 1914 இல் ஹாலந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. கடைசி மகள் எத்தல் லிலியன் எழுதிய நாவல் சோவியத் நாட்டில் இலட்சக்கணக்கில் விற்றது. மூத்த மகள் மேரி எல்லனின் வழியில் வந்தவர் ஜெஃப்ரி ஹின்டன். செயற்கை நரம்பு வலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2024 இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எள்ளுப்பாட்டனாரின் சிந்தனை விதிகளை விட்டு, விதிகளை எழுதாமலே எந்திரத்தைக் கற்கச் செய்தவர் என்று இவரைப் பற்றிச் சிலர் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அவர்கள் 1854 ஆம் ஆண்டு நூலின் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டவர்களாக இருக்க வேண்டும். அந்நூலின் 22 அதிகாரங்களில் பதினாறாவதிலிருந்து பூல் பேசுவது நிகழ்தகவைப் பற்றி. உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு ஒரு கணக்கு இருப்பதுபோல், உறுதியாகத் தெரியாதவற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று அவரே தேடியிருக்கிறார்.

இப்போது அந்த நூல் எவரும் விலையின்றிப் படிக்கக்கூடியதாக இணையத்தில் கிடைக்கிறது. நிகழ்தகவுப் பகுதி கடினம். தொடக்க அதிகாரங்களுக்கு நம் மேல்நிலைப் பள்ளிக் கணிதமே போதும். வெண்ணிறப் பொருள்கள் வரும் இடம் இரண்டாம் அதிகாரம். பெருக்கினாலும் மாறாத அந்தச் சமன்பாட்டிலிருந்து முரண்பாட்டு விதி பிறக்கும் இடம் மூன்றாம் அதிகாரம். அடுத்த பருவத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவற்றைச் சேர்ந்து படிக்க நாங்கள் நால்வர் எண்ணியிருக்கிறோம். கணிதத் துறை நண்பர்களும் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.